ஐந்தாவது தகடு

சுவிச்சைத் தொடவேண்டாம் என்று நான் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிய மட்டைக்கு யாரோ சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். பொட்டின் மேல் குங்குமம். கீழே நிலத்தில் மிதித்து நசுக்கிய தேசிக்காய். ஆக, மட்டையை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். பார்த்து, அதற்குரிய மரியாதையையும் செய்துவிட்டுத்தான் சுவிச்சைப் போட்டிருக்கிறார்கள். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு, பூசைக்குப் போட்ட வெள்ளைச் சேட்டுடன் அங்கே வந்து நின்ற எனக்கு அந்தப் பொட்டைக் கண்டதும் வந்த விசர் கொஞ்சநஞ்சமில்லை.

இடம் திருநெல்வேலி. பலாலி வீதியிலிருந்து பிரிகிற ஒழுங்கை ஒன்றில் புதிதாக எழும்பிய கலியாண மண்டபம். கட்டுவித்தவர் சுவிசில் இருக்கிறார். இங்கே நின்று பார்த்துக்கொண்டவர் அவருடைய மூத்த சகோதரர், ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர். அவரைத்தான் நாங்கள் மண்டபக்காரர் என்போம். குளிரூட்டும் வேலை என்னுடையது. நான் குருநகர்க்காரன். வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போக, எனக்கு மட்டும் வள்ளத்தில் கால் வைத்தாலே சத்தி வரும். அதனால் கட்டாருக்குப் போய்ப் பதினொரு வருடம் தகரக் காற்றுக்குழாய் பொருத்தினேன். டக்ட் என்று சொல்வோம். திரும்பி வந்தபின் யாழ்ப்பாணத்தில் கடை, வங்கி, மண்டபம் என்று அதே வேலைதான். கட்டாரின் வெயிலில் வராத தலையிடியெல்லாம் இங்கே நிழலில் நின்றே வந்தது.

என்னோடு வேலை செய்கிறவன் அளவெட்டிக்காரன். முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு பெண்பிள்ளைகளின் தகப்பன். ஆள் ஒல்லி. டக்டுக்குள் நுழைவதென்றால் அவன்தான். என் வயிறு கதவோடு நின்றுவிடும். உள்ளே போகுமுன் ஏணியடியில் செருப்பைக் கழற்றிச் சோடியாக வைத்துவிட்டுத்தான் ஏறுவான். கோயிலுக்குள்ளா போகிறாய் என்று பகிடி பண்ணினால், உள்ளே மண் போகும் அண்ணை என்பான். அவனுடைய வீட்டில் தவில் அடிப்பார்கள். இவனுக்கு அந்தக் கை வரவில்லை, காது மட்டும் வந்திருக்கிறது. டக்டை விரலால் தட்டிப் பார்த்து, எந்த இடத்தில் ஆணி இளகியிருக்கிறது என்று சொல்லுவான். அதிகம் கதைக்கமாட்டான். இரண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் கதைப்பேன்.

டாம்பர் என்றால் என்னவென்று மண்டபக்காரர் கேட்டபோது நான் யன்னலைக் காட்டினேன். யன்னலில் சரிவுப் பலகைகள் இருக்குமே, ஒரு கம்பியை இழுத்தால் எல்லாம் ஒன்றாகத் திறக்கும், ஒன்றாக மூடும், டக்டுக்குள் அந்த வேலையைத் தகடுகள் செய்கின்றன என்றேன். ஒவ்வொரு தகட்டின் இரு முனையிலும் ஒரு தண்டு, தண்டு சுழல்வதற்கு ஒரு சின்னப் பிளாஸ்டிக் வளையம். அந்த வளையம் புஷ். கட்டட வேலை முடியும்வரை சீமெந்துத் தூசி போகாமல் தகடுகளை மூடியே வைப்போம். மூடியிருக்கும்போது விசிறியைப் போட்டால் காற்றுக்குப் போக வழி இல்லை. எது பலவீனமோ அதை உடைத்துக்கொண்டு போகும். இதை அவருக்கு இரண்டு தரம் விளங்கப்படுத்தினேன். ஓம் தம்பி, ஓம் தம்பி என்று இரண்டு தரமும் தலையாட்டினார். அதற்கு மேலும் நம்பிக்கை வராமல்தான் அந்த மட்டையை எழுதி ஒட்டினேன்.

நடந்தது இதுதான். புது இயந்திரத்தை முதன்முதலில் சுபநேரத்தில்தான் இயக்கவேண்டும் என்று சுவிசுக்காரருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஐயர் குறித்துக் கொடுத்த நேரம் ஞாயிறு காலை ஏழே முக்காலிலிருந்து எட்டேகால் வரை. மண்டபக்காரர் எனக்குப் போன் எடுத்தது உண்மை. நான் பூசையில் நின்றதால் போனை நிறுத்தி வைத்திருந்தேன். நேரம் போகிறது, நேரம் போகிறது என்று வீடியோவில் தம்பிக்காரர் அந்தரப்பட, இவர் பால் காய்ச்சி, தேசிக்காய் வெட்டி, என் மட்டைக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டு சுவிச்சைப் போட்டுவிட்டார்.

“ஒரு சாத்திரத்துக்குத்தான் தம்பி போட்டனான். அஞ்சு நிமிசம்தான் ஓடினது” என்றார் என்னிடம்.

அந்த ஐந்து நிமிடத்துக்குள் மேலே டமார் என்று ஒரு சத்தம் கேட்டதாம். பக்கத்து வளவில் யாரோ வெடி கொளுத்துகிறார்கள், நல்ல சகுனம் என்று அவருடைய மனைவி கும்பிட்டாராம். அதற்குப் பிறகு கடகடவென்று ஏதோ உருளுகிற சத்தமும் வந்ததால் நிறுத்திவிட்டார்களாம். காற்று நன்றாகத்தான் வந்தது தம்பி, அந்தச் சத்தத்தை மட்டும் கொஞ்சம் பாரும் என்று அவர் சொன்னபோது நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் காலையில் பூசை கண்ட பலன் எல்லாம் அங்கேயே போயிருக்கும்.

விசிறி இயந்திரம் மேல்மாடியில் ஒரு சின்ன அறைக்குள் இருக்கிறது. அதன் வாயிலிருந்து டக்ட் ஓராள் உயரம் நேர் மேலே ஏறி, மடங்கி, மண்டபத்துக் கூரைக்குக் கீழே நீளமாகப் போகிறது. மடங்குகிற இடத்தில்தான் அந்தப் பெரிய டாம்பர். சுவிச்சுப் பெட்டியோ கீழே, மேடைக்குப் பக்கத்தில். மேலே நிற்பவனுக்குக் கீழே நடப்பது தெரியாது, கீழே நிற்பவனுக்கு மேலே நடப்பது தெரியாது. கட்டடம் கீறினவர் அப்படி வைத்திருந்தார். அவரையும் அந்தக் கிழமை முழுவதும் திட்டினேன்.

திங்கட்கிழமை முதல் வேலையாக ஓர் ஆமைப்பூட்டு வாங்கிச் சுவிச்சுப் பெட்டிக்குப் போட்டேன். பூட்டின் திறப்பு என்னுடைய சேட்டுப் பொக்கெற்றில். கட்டாரில் டக்டுக்குள் போகிற ஒவ்வொருவனுக்கும் தனித்தனிப் பூட்டு. தன் பூட்டைத் தானே போட்டு, தன் திறப்பைத் தன்னோடு வைத்துக்கொண்டுதான் உள்ளே இறங்குவான். அவன் வெளியே வரும்வரை வேறு ஒருவரும் சுவிச்சைப் போடமுடியாது. இங்கே நாங்கள் இரண்டே பேர். ஒரு பூட்டுக் காணும் என்று விட்டுவிட்டேன்.

டாம்பருக்குப் பக்கத்தில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு கதவு வெட்டி டோர்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு தகடுகள் ஒரு முனையில் தொங்கிக்கொண்டு நின்றன. இரண்டு காற்றோடு அள்ளுண்டு பத்தடி தள்ளிக் கிடந்தன. புஷ் எல்லாம் தூள். இணைப்புக் கம்பி கொளுவி மாதிரி வளைந்திருந்தது. உடைந்த தகட்டை அவசரத்தில் பிடித்து இழுக்கக்கூடாது. கிழிந்த தகரத்தின் ஓரம் கையுறையையும் வெட்டும், கையையும் வெட்டும். தண்ணீர்க் குழாயை நீளத்துக்குப் பிளந்து அந்த ஓரத்தில் மாட்டி, சாக்கால் சுற்றி, மெல்ல மெல்ல வெளியே நகர்த்தவேண்டும். துண்டு துண்டாக எடுத்து நிலத்தில் மட்டை விரித்துப் பரப்பி, எதோடு எது பொருந்துகிறது என்று சேர்த்துப் பார்க்கவேண்டும். வெளியே ஒன்று குறைந்தால் அது உள்ளேதான் கிடக்கிறது. சின்னத் துண்டென்றால் மணவறைக்கு மேலே கிடந்து கிலுகிலுக்கும். பெரிய துண்டென்றால் விசிறியையே முடித்துவிடும்.

அளவெட்டிக்காரன் மூன்று மணித்தியாலம் உள்ளே படுத்துக் கிடந்து எல்லாவற்றையும் எடுத்துத் தந்தான். அந்த மூன்று மணித்தியாலத்துக்குள் மண்டபக்காரர் ஆறு தரம் கீழேயிருந்து கூப்பிட்டார். ஏழாம் தரம் போனோடு மாடிக்கே ஏறி வந்தார். போனுக்குள் சுவிசுக்காரர். அங்கே தன்னுடைய வேலையிடத்தில் இப்படி ஏதும் விழுந்தால் தூசி உறிஞ்சும் மெசினை விட்டு இழுத்துவிடுவார்களாம், நாங்களும் அப்படிச் செய்து பார்த்தால் என்ன என்று கேட்டார். இரண்டடி நீளத் தகட்டைத் தூசி மெசினால் உறிஞ்சவாம். போனை வாங்கி டக்டுக்குள் நீட்டிக் காட்டினேன். உள்ளே இருந்தவனுடைய பாதம் மட்டும்தான் தெரிந்திருக்கும். நல்லது, நல்லது என்றார்.

புது டாம்பருக்குக் கொழும்பில் கேட்டால் இரண்டு கிழமை என்றார்கள். மண்டபத்தின் முதல் கலியாணமோ வருகிற ஞாயிறு. சோடனைக்காரர் சனி காலையே வந்துவிடுவார்கள். வேறு வழியில்லை, நாங்களே செய்வதென்று முடிவெடுத்தேன். தகடு யாழ்ப்பாணப் பட்டினத்தில் கிடைத்தது. பிளாஸ்டிக் புஷ்சை இனி நம்பத் தயாரில்லை. கொழும்புத்துறையில் வள்ளத்து எஞ்சின்களுக்குப் புஷ் கடைந்து கொடுக்கிற லேத்காரர் ஒருவர் எனக்குப் பழக்கம். பித்தளையில் எட்டு கடைந்து வாங்கி வா என்று செவ்வாய்க்கிழமை அளவெட்டிக்காரனை மோட்டார் சைக்கிளில் அனுப்பினேன். நாலு தகட்டுக்கு எட்டு.

பின்னேரம் அவன் கொண்டுவந்த பையை எண்ணினால் பத்து.

எட்டென்று சொன்னால் பத்து வாங்குகிற உன்னை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று ஏசினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, பழைய டாம்பரில் ஐந்து தகடு இருந்ததென்றான். பழைய டாம்பருக்காக நான் கொழும்புக்கு அனுப்பிய ஓடர்த் தாளை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன். நாலு என்று என் கையெழுத்தில் இருந்தது. ஏற்றினது நான்தானே அண்ணை என்றான். அதுவும் சரிதான். அந்த டாம்பரை ஏற்றின அன்று நான் காய்ச்சலில் வீட்டில் கிடந்தேன். ஆனால் இருபது வருடமாக இந்த வேலையில் நிற்கிற எனக்கு இவன் எண்ணிப் படிப்பிக்க வந்துவிட்டானே என்ற எரிச்சல்தான் வந்தது. பழைய டாம்பரின் சட்டம் முற்றத்து மதிலில் சாத்திக் கிடந்தது. பத்தடி நடந்து போய் அதிலிருந்த துளைகளை எண்ணியிருந்தால் முடிந்தது. நான் போகவில்லை. மிஞ்சிய இரண்டு புஷ்சையும் ஆயுதப் பெட்டிக்குள் எறிந்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

புதனும் வியாழனும் தகடு வெட்டி, மடித்து, தண்டு வைத்து, நாலு தகட்டில் ஒரு டாம்பர் செய்தோம். நல்ல டாம்பர். ஒரு விரலால் தள்ளினால் நாலும் ஒன்றாகச் சுழலும். அதைப் பார்த்து நான் சந்தோசப்பட்டது அரை மணித்தியாலம் இருக்கும். அதற்குள் மண்டபக்காரர் பஞ்சாங்கத்தோடு வந்துவிட்டார். ஒரு பஞ்சாங்கம் என்றாலும் பரவாயில்லை. அவர் வாக்கியம், அவருடைய மனைவி திருக்கணிதம். இரண்டிலும் ஒத்துவருகிற நேரம் தேடி இரண்டு பேரும் மேடைப் படியில் இருந்து வாதாடினார்கள். கடைசியில் வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்காலிலிருந்து பத்தேகால் வரை என்று முடிவாகியது. முதல் தரம் இயக்கியதுதான் பிழைத்துவிட்டது, இந்த முறை எல்லாம் முறைப்படி நடக்கவேண்டும் என்றார். பிழைத்தது ஏன் என்று நான் திரும்பவும் விளங்கப்படுத்தத் தொடங்கினேன். ஓம் தம்பி என்றார். என்ன கோதாரிக்கு இந்த மனிதரோடு கதைத்து மாரடிப்பது என்று விட்டுவிட்டேன்.

வெள்ளி விடியவே வந்து டாம்பரை ஏற்றினோம். ஒன்பதரைக்கு எல்லாம் பொருந்திவிட்டது. வெட்டிய கதவைப் பூட்டி ஆணி இறுக்குவது மட்டும் மிச்சம். அப்போதுதான் அளவெட்டிக்காரன் நேர் மேலே ஏறுகிற டக்டின் அடியில் குந்தியிருந்து விரலால் தட்டிக்கொண்டிருந்தான். தட்டுவதும் காதை வைப்பதுமாக.

“அண்ணை, உதுக்குள்ளை ஒண்டு கிடக்கு. விசிறி நிண்டவுடனை சறுக்கிக் கீழை வந்திருக்குது. சத்தம் அடைக்குது.”

கீழேயிருந்து மண்டபக்காரர் கூப்பிடுகிறார். போனுக்குள் சுவிசும் கூப்பிடுகிறது. ஒரு கிழமையாக நான் சேர்த்துவைத்திருந்த அத்தனை எரிச்சலும் அதற்குரியவர்களை விட்டுவிட்டு அவன் தலையில் இறங்கியது. உது தவில் இல்லை, தட்டிப் பார்த்துக் கதை சொல்ல என்றேன். நாலு தகடு, நாலும் வெளியே வந்துவிட்டது, கதவைப் பூட்டு என்றேன். இன்னும் சொன்னேன். தவிலும் வராமல் தகரமும் வராமல் நீ என்னத்துக்கு என்று கேட்டேன். அதைச் சொல்லியிருக்கக்கூடாது. ஆணிப் பெட்டியைக் கையில் எடுத்தான். அவன் பேசாமல் நின்றால் சொன்னதைச் செய்வான் என்பது என் எண்ணம். நான் படி இறங்கினேன்.

கீழே குத்துவிளக்கு ஏற்றி, தட்டத்தில் வெற்றிலை பாக்குப் பழம் வைத்து, மண்டபக்காரர் பட்டு வேட்டியோடு நின்றார். மனைவி பால் செம்போடு நின்றார். நான் பூட்டைத் திறந்து மின்சாரத்தை அளந்து பார்த்தேன். மூன்று கம்பியில் ஒன்றில் அளவு குறைவு. அப்படியே போட்டால் மோட்டார் எரியும். எங்கே பிழை என்று ஒவ்வொன்றாகத் தேடி, ஒரு இளகிய முனையைக் கண்டுபிடித்து இறுக்கி, திரும்பவும் அளந்தேன். என் முதுகுக்குப் பின்னால் நிமிடத்துக்கு நிமிடம் நேரம் சொல்லப்பட்டது. பத்து பத்து. பத்தேகால். பத்து இருபது, பரவாயில்லைத் தம்பி, பத்தரைவரைக்கும் பாதகமில்லை. வியர்வை கண்ணுக்குள் ஓடியது. எல்லாம் சரி என்று நான் நிமிர்ந்து, போடுங்கோ என்று சொன்னேன்.

அவர் போடவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

“தம்பி, பத்தரை தாண்டியிட்டுது. வெள்ளிக்கிழமை, ராகு காலம் தொடங்கியிட்டுது. பன்ரண்டு மணிக்குப் பிறகு போடுவம்.”

போடவேண்டாம் என்று எழுதி ஒட்டினேன், போட்டீர்கள். இப்போது போடுங்கள் என்று கெஞ்சுகிறேன், மாட்டேன் என்கிறீர்கள். இந்த மண்டபத்தில் சுவிச்சுக்கு யார் பொறுப்பு, நானா பஞ்சாங்கமா என்று கேட்டேன். அவருடைய வயதையும் பார்க்கவில்லை, விளக்கையும் பார்க்கவில்லை. போனுக்குள் சுவிசுக்காரர் ஏதோ சொன்னார், அவரையும் சேர்த்து ஏசினேன். பிறகு, உங்களுக்குப் பயமென்றால் நானே போடுகிறேன், எனக்கு ராகுவும் இல்லை கேதுவும் இல்லை என்று சொல்லிச் சுவிச்சின் கைபிடியைப் பிடித்தேன்.

அவர் பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். எலும்பும் தோலுமான கைதான். ஆனால் இரண்டு கையாலும் பிடித்தார். தட்டம் சரிந்து பாக்கு உருண்டது.

“வேண்டாம் தம்பி. உம்மடை வேலையை நான் பழுதாக்கினது ஒருக்காக் காணும். இன்னொருக்கா வேண்டாம்.”

உதறியிருந்தால் அவர் விழுந்திருப்பார். அவருடைய மனைவியின் கண் கலங்கியிருந்தது. சரி, என்ன ஆக்கினையோ படுங்கள் என்று கைபிடியை விட்டேன். பூட்டைப் பெட்டியில் கொளுவி, திறப்பை உருவிக்கொண்டு படியேறினேன். மேலே இருப்பவனுக்கும் நாலு வார்த்தை கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டுதான் ஏறினேன். மனம் ஆறவேண்டுமே.

அறைக்குள் போனால் ஏணியடியில் அவனுடைய செருப்பு. சோடியாக, சுவர்ப் பக்கம் பார்த்தபடி.

வெட்டிய கதவு திறந்தபடியே இருந்தது. ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தேன். புது டாம்பரின் தகடுகளைத் திறந்துவிட்டு, அதன் இடுக்கால் புகுந்து, நேர் கீழே இறங்குகிற டக்டுக்குள் அவன் தலைகீழாக இறங்கியிருந்தான். கால் இரண்டும் மேல் விளிம்பில் ஊன்றியிருந்தன. டோர்ச்சைப் பல்லால் கடித்திருக்கவேண்டும், வெளிச்சம் கீழே ஆடியது. வலது கை தோள்வரை விசிறியின் வாய்க்குள் இருந்தது. விசிறி இறக்கைகளுக்கு நடுவில்.

கூப்பிட வாயெடுத்து நிறுத்தினேன். திடுக்கிட்டால் கை கிழியும். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வலது மணிக்கட்டில் கிழவனாரின் விரல் பதிந்த இடம் இன்னும் சிவந்திருந்தது. மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வேறு ஒன்றும் எனக்கு ஞாபகம் வரவில்லை. மண்டபத்தில் குத்துவிளக்கை அணைத்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்குத் திரும்ப ஏற்றுவதா, அப்படியே எரிய விடுவதா என்று அவர்கள் கதைத்துக்கொண்டிருந்தது டக்ட் வழியாகக் கேட்டது.

அவன் அங்குலம் அங்குலமாகப் பின்வாங்கி வெளியே வர எவ்வளவு நேரம் எடுத்ததோ தெரியாது. முகமெல்லாம் சீமெந்துத் தூசி. முழங்கையில் கீறல். கையில் சாக்கால் சுற்றிய ஒரு தகடு, நடுவில் மடிந்தது. அதை நிலத்தில் மற்ற நாலுக்கும் பக்கத்தில் வைத்தான்.

“அஞ்சு” என்றான். நான் காலையில் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக் காட்டுகிற ஆள் அவன் இல்லை.

பிறகு, கீழே என்ன சத்தம் கேட்டது, யாரோடு சண்டை என்று கேட்டான். பொய் சொல்லியிருக்கலாம். கரண்ட் பார்த்தோம் என்றால் முடிந்தது. ஆனால் அவனுடைய முழங்கைக் கீறலைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பொய் வரவில்லை. பூட்டைத் திறந்தது, கைபிடியைப் பிடித்தது, கிழவனார் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். நீ கதவைப் பூட்டியிருப்பாய் என்று நினைத்தேன் என்றும் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. நினைத்தேன் என்பது ஒரு கதையா. கதவு பூட்டியாயிற்றா என்று கேளாமல் நான் சுவிச்சைப் போடமாட்டேன் என்று அவனும்தான் நினைத்திருக்கிறான்.

அவன் நிலத்தில் இருந்தான். கொஞ்ச நேரம் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரல்களை மடக்கி நீட்டினான். தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன், வாங்கவில்லை. அவன் ஏசினால் நல்லது என்றிருந்தது எனக்கு. அடித்தாலும் வாங்கியிருப்பேன். நான் ஏசுகிற ஏச்சில் பாதியை என்றாலும் அவன் எனக்குத் திருப்பித் தந்திருக்கலாம்.

கடைசியில் இடது கையை நீட்டினான்.

“திறப்பைத் தாங்கோ அண்ணை. இனி உது என்ரை பொக்கெற்றிலை கிடக்கட்டும்.”

கொடுத்தேன். ஆயுதப் பெட்டியைக் கிண்டி, நான் எறிந்த அந்த இரண்டு பித்தளைப் புஷ்சில் ஒன்றை எடுத்து, ஒரு கம்பித் துண்டால் திறப்போடு கட்டிப் பொக்கெற்றுக்குள் போட்டான். பாரம் இருந்தால் கிடக்கிறது தெரியும் என்றான். பிறகு எழும்பிப் போய்க் கதவைப் பூட்டி, ஆணிகளை ஒவ்வொன்றாக இறுக்கத் தொடங்கினான். நான் அவனுக்கு ஆணி எடுத்துக் கொடுத்தேன்.

பன்னிரண்டு மணி பத்துக்கு அவனே பூட்டைத் திறந்தான். மண்டபக்காரர் சுவிச்சைப் போட்டார். விசிறி மெல்ல முனகி, வேகம் பிடித்து, மண்டபம் முழுவதும் காற்று வந்தது. ஒரு கிலுகிலுப்பும் இல்லை. காற்றுப் பார்க்க மணவறைக்கு மேலே நான் கட்டியிருந்த கடதாசித் துண்டு நேராக ஆடியது. சுவிசுக்காரர் போனுக்குள் கை தட்டினார். மண்டபக்காரர் பால் செம்பை என்னிடம் நீட்டி, நேரம் பார்த்துச் செய்தால் எப்படிச் சுகமாக நடக்கிறது பார்த்தீரோ தம்பி என்று கேட்டார்.

வேறொரு நாளென்றால் அதற்கு நான் சொல்லியிருக்கக்கூடிய மறுமொழியை அவருடைய மனைவி காதைப் பொத்திக்கொண்டுதான் கேட்டிருப்பார். அன்று பாலைக் குடித்தேன். ராகு காலத்தில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டதா என்றால், இல்லை. நேரம் பார்க்கிற அந்தச் சனியன்தான் ஞாயிற்றுக்கிழமை டாம்பரை உடைத்தது என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். அதே சனியனுக்கு நன்றி சொல்லவேண்டி வந்ததுதான் இன்றுவரை ஆறாத எரிச்சல். மேலே ஆள் இருந்த கதையை மண்டபக்காரருக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனிதர் அடுத்த ஆணி அடிக்கவும் பஞ்சாங்கம் பார்ப்பார். ஆனால் புறப்படும்போது, காலையில் பேசியதற்கு மன்னிக்கவேண்டும் ஐயா என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததில் அவர் திகைத்துப்போய்த் தட்டத்திலிருந்த வாழைப்பழச் சீப்பை அப்படியே எடுத்துத் தந்துவிட்டார். அதை அளவெட்டிக்காரனிடம் கொடுத்தேன். பிள்ளைகளுக்கு என்று வாங்கிக்கொண்டான்.

இப்போதும் நாங்கள் ஒன்றாகத்தான் வேலை செய்கிறோம். இப்போதும் நான்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கதைக்கிறேன், ஏசுகிறேன். ஓடர்த் தாளில் எத்தனை என்று எழுதியிருந்தாலும் இறங்கிப் போய்த் துளையை எண்ணுகிறேன். பூட்டுகள் இரண்டாகிவிட்டன. ஆனாலும் பித்தளைப் புஷ் கட்டிய அந்தத் திறப்பு அவனிடம்தான். வேலை முடிந்து அவன் வெளியே வந்ததும், நேரம் போகிறது, திறப்பைத் தாடா என்று நான் கீழே நின்று கையை நீட்டுவேன். உடனே தரமாட்டான். ஏணியால் இறங்கி, செருப்பு இரண்டையும் காலில் போட்டுக்கொண்ட பிறகுதான் பொக்கெற்றுக்குள் கையை விடுவான்.